76-ஆவது நிமிடம் வரை

2008-ஆம் ஆண்டு மே 11, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐபிஎல்லின் முதல் பருவம் நடந்துகொண்டிருந்த கோடை அது. திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்ஷனின் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கால்பந்து என்று வாய் திறக்க முடியாது. திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அன்று இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகின் கடைசி நாள், மான்செஸ்டர் யுனைடெட் விகனுக்குப் போய்ப் பட்டத்தை வெல்லுமா என்பதுதான் உலகத்துக்கே கவலை. எனக்கு வேண்டியிருந்ததோ போர்ட்ஸ்மத் நகரில், ஃபிராட்டன் பார்க் என்ற பழைய மைதானத்தில், லண்டனின் ஃபுல்ஹாம் அணி ஆடவிருந்த ஆட்டம். எனவே தெருமுனையிலிருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு கணினியைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாக எழுத்தில் வரும் நேரடி வர்ணனையை நிமிடத்துக்கொரு முறை புதுப்பித்துப் புதுப்பித்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கால்பந்தாட்டத்தைப் பார்க்காமலே இவ்வளவு பதறியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த நாளின் கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஃபுல்ஹாமின் ஆட்டத் திட்டம் முழுவதும் அந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். இருபது அணிகளில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். டார்பி கவுண்டி என்றோ இறங்கிவிட்டது. பருவம் முழுவதிலும் ஒரே ஒரு வெற்றி பெற்று 11 புள்ளிகளோடு நின்ற அணி அது. மீதி இரண்டு இடங்களுக்கு ஃபுல்ஹாம், ரெடிங், பர்மிங்ஹாம் ஆகிய மூன்று அணிகள் வரிசையில் நின்றன. ஃபுல்ஹாமுக்கும் ரெடிங்குக்கும் தலா 33 புள்ளிகள், பர்மிங்ஹாமுக்கு 32. புள்ளிகள் சமமானால் பார்க்கப்படும் கோல் வித்தியாசத்தில் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) ஃபுல்ஹாம் கழித்தல் 23, ரெடிங் கழித்தல் 29. ரெடிங்கின் கடைசி ஆட்டம் அந்த டார்பியோடு. அதில் ரெடிங் வெல்லாது என்று நம்பி ஒரு பயிற்சியாளர் திட்டம் போட முடியாது. வெற்றிக்கு 3 புள்ளிகள், டிராவுக்கு 1 மட்டுமே. ஆகவே ஃபுல்ஹாமுக்கு டிரா என்பது ஏறத்தாழத் தோல்விதான். அதே சமயம், ஃபுல்ஹாம் ஒரே ஒரு கோலில் வென்றாலும் அதை முந்த ரெடிங் 7 கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். வென்றே தீர வேண்டும், ஆனால் எத்தனை கோலில் என்பது பொருட்டே அல்ல: இந்த வாக்கியத்தின் பின்பகுதியைத்தான் பெரும்பாலான அணிகள் இப்படிப்பட்ட நாளில் மறந்துவிடுகின்றன.

மறப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை லீகின் ஒரு கீழ்ப் பிரிவில் நான் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தற்காப்பில், ஆடிய அணி கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் அந்தப் பிரிவில் நீடிக்கும் என்ற நிலைக்கு வந்தது. (எங்கள் லீகில் சொந்த மைதானம், அடுத்தவர் மைதானம் என்ற பேதமெல்லாம் கிடையாது, எல்லோரும் ஒரே மைதானத்தில், ஒரே வெயிலில்.) ஆட்டம் தொடங்குமுன் எங்கள் கோச் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “இன்னிக்கு டிஃபென்ஸே கிடையாது, எல்லாரும் ஏறுங்க.” ஏறினோம். இடது பேக்காக, அதாவது தற்காப்பின் இடப்பக்கத்தில், ஆடிய தம்பி எதிரணியின் கார்னர் கொடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள், அவன் விட்டுவந்த இடத்தில் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். எனக்கு இடப்பக்கம் யாரும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. முன்னால் போகலாமா பின்னால் நகரலாமா என்று முடிவெடுப்பதற்குள் அவன் என் கால்களுக்கு இடையே பந்தைத் தட்டிவிட்டான். 20 நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கியிருந்தோம். அதன் பிறகு எங்களிடம் ஆட்டம் இல்லை, ஓட்டம் மட்டும்தான் இருந்தது. அந்த ஆண்டு இறங்கினோம். வீரம் குறைந்ததால் இறங்கவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதனால்தான் ராய் ஹாட்ஜ்சன் என்ற மனிதர் அன்று என்ன செய்வார் என்று அறிய எனக்கு அவ்வளவு ஆவல். 2007 டிசம்பர் கடைசியில், முந்தைய பயிற்சியாளர் லாரி சான்செஸ் நீக்கப்பட்ட பிறகு, அவர் ஃபுல்ஹாமின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 60 வயது. இங்கிலாந்தின் ரசிகர்கள் அவரை ஒரு நாடோடியாகவே பார்த்தார்கள்: ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, இத்தாலி, டென்மார்க், நார்வே, பின்லாந்து என்று சுற்றியவர். ஆனால் கீழிறங்கும் அபாயம் என்ற பாடத்தில் அவரைவிட மூத்த மாணவர் யாரும் இருந்திருக்க முடியாது. 1976-இல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் அணியை அவர் ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு நிச்சயம் கீழிறங்கும் என்று எல்லோரும் கணித்த அணி அது. அவர் கையில் அந்த ஆண்டே லீக் பட்டத்தை வென்றது. 1979-இல் மறுபடியும் வென்றது.

அங்கே அவர் செய்தது மிக எளிமையானது. அப்போது ஸ்வீடிஷ் அணிகள் ஆளுக்கு ஆள் காவல், அவர்களுக்குப் பின்னால் ஒரு தனிக் காவலர் என்று ஆடிக்கொண்டிருந்தன. ஹாட்ஜ்சனும், அவருக்கு முன்பே மால்மோ அணிக்கு வந்திருந்த அவருடைய நண்பர் பாப் ஹௌட்டனும், ஆளைக் காப்பதை விட்டுவிட்டு இடத்தைக் காக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்: நால்வர் ஒரு கோடு, அவர்களுக்கு முன்னால் நால்வர் இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவே எதிரி திரும்பி நிற்கக்கூட இடம் விடாத நெருக்கம். ஹௌட்டன் இதே முறையில் மால்மோவை 1979-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். பாப் ஹௌட்டன் என்ற பெயர் நம் வாசகர்களுக்கு வேறு வழியில் பழக்கமாகியிருக்கும். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த அந்த மே மாதத்தில் அவர் இந்திய அணியின் பயிற்சியாளர்; 2007 நேரு கோப்பையை நாம் வென்றதும், 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2011-இல் ஆசியக் கோப்பையில் ஆடியதும் அவர் காலத்தில்தான். அந்த இந்திய அணி அழகாக ஆடவில்லை என்று குறைப்பட்டவர்கள் நிறைய. அவர்களோடு நான் சண்டை போட்டதுண்டு. ஆசியாவின் பெரிய அணிகளின் முன்னால் நாம் யார் என்பதை ஒப்புக்கொண்டு ஆடிய ஆட்டம் அது.

ஃபுல்ஹாமில் இந்த முறை உடனே பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் சொந்த மைதானத்தில் சண்டர்லாண்டிடம் 1-3 என்று தோற்றபோது, 33 ஆட்டங்களில் வெறும் 24 புள்ளிகள்தான் கையில் இருந்தன. வெளி மைதானம் என்றாலே அந்த அணிக்குக் கைகால் உதறும். 2006 செப்டம்பரில் நியூகாசிலில் வென்றதுதான் கடைசி. அதற்குப் பிறகு 2008 ஏப்ரல் 12 அன்று ரெடிங் மைதானத்திலேயே ரெடிங்கை 2-0 என்று வென்றபோதுதான் ஏறத்தாழப் பத்தொன்பது மாத வறட்சி முடிந்தது. இந்த இடைக்காலத்தில் ஹாட்ஜ்சன் பயிற்சியில் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. எதிராளியே இல்லாமல் பதினொரு பேரை நிறுத்தி, பந்து இங்கே வந்தால் நீ இங்கே, அங்கே போனால் நீ அங்கே என்று நாள்தோறும் நகர்த்திக்கொண்டே இருப்பது அவருடைய வழக்கம். அவருக்குக் கீழ் ஆடிய பலரும் அந்தச் சலிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதன் பலனைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

அந்தச் சலிப்பு ஆட்டத்தில் என்னவாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். எதிரணியின் வலது ஓரத்தில் ஏறி ஆடும் விங்கருக்குப் பந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபுல்ஹாமின் இடது பேக் பால் கொன்செஸ்கி அவனை நோக்கி வெளியே போகிறார். அவர் விட்டுப்போன இடத்தை மூடுவதற்காக பிரேட ஹாங்கெலாண்ட் நான்கைந்து அடி இடப்பக்கம் நகர்கிறார், அவர் நகர்ந்த அளவுக்கு ஆரன் ஹியூஸ், அவர் நகர்ந்த அளவுக்கு வலது பேக். முன்வரிசையில் கிளின்ட் டெம்ப்சி கீழே இறங்கிக் கொன்செஸ்கிக்குத் துணை நிற்கிறார். டேனி மர்ஃபியும் ஜிம்மி புல்லார்ட்டும் அதே திசையில் சரிகிறார்கள். மறுபுறம் சைமன் டேவிஸ் தன் பக்கத்தை விட்டுவிட்டு நடுவுக்கே வந்துவிடுகிறார். மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கு, பந்துக்கு எதிர்ப்பக்கத்தில், முழுவதும் காலியாகக் கிடக்கிறது. பார்ப்பவர் பதறுவார். ஆனால் அந்தக் காலியிடத்துக்குப் பந்து போய்ச்சேர ஒரு நீண்ட, உயரமான பாஸ் வேண்டும்; அது காற்றில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் எட்டுப் பேரும் ஒரே சேலையைப் பிடித்து இழுத்ததுபோல் மறுபக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஹாங்கெலாண்ட் இதற்கு முன்பே நார்வேயின் விக்கிங் அணியில் ஹாட்ஜ்சனிடம் ஆடியவர். அந்த ஜனவரியில்தான் கோபன்ஹேகனிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். கற்றுக்கொடுக்க நேரமில்லாத இடத்தில், ஏற்கெனவே கற்றவனைக் கொண்டுவந்தார் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஃபிராட்டன் பார்க்கில் அன்று ஃபுல்ஹாம் இதைத்தான் ஆடியது. வென்றே தீர வேண்டிய ஆட்டத்தில், எட்டுப் பேர் இரண்டு கோடுகளாக, முன்னால் பிரையன் மெக்பிரைடும் டியோமான்சி கமாராவும். பல வருடங்கள் கழித்து அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்துப் பார்த்தபோது, முதல் பாதி எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதே என்னைத் திகைக்க வைத்தது. முடிவு தெரியாத ஒருவருக்கு அதைக் காட்டினால், இரண்டு அணிகளில் எது தூக்குமேடையில் நிற்கிறது என்று சொல்வது கடினம்.

ஆனால் அன்று மாலை கணினித் திரையில் எனக்குத் தெரிந்தது வேறு படம். இடைவேளையின்போது ரெடிங் டார்பியில் முன்னிலை, பர்மிங்ஹாம் பிளாக்பர்னுக்கு எதிராக முன்னிலை, ஃபுல்ஹாம் 0-0. அந்த நிமிடத்தின் பட்டியலில் ஃபுல்ஹாம் 19-ஆவது இடம். இரண்டாவது பாதியின் தொடக்கத்தில் பிளாக்பர்ன் சமன் செய்தது, ஃபுல்ஹாம் 18-க்கு ஏறியது, 18-ஆம் இடமும் இறங்கும் இடம்தான். “என்ன சார், ரிசல்ட்டா?” என்று பக்கத்துக் கணினிக்காரர் கேட்டார். ஏதோ தேர்வு முடிவு பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆமாம் என்றேன்.

இந்த இடத்தில்தான் ஒரு பயிற்சியாளரின் கை பரபரக்கும். ஒரு பேக்கை எடுத்துவிட்டு ஒரு ஃபார்வர்டை இறக்கு என்று கேலரி கத்தும். இப்போது இல்லையென்றால் எப்போது என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 60-ஆவது நிமிடத்தில் 0-0 என்று நிற்கும் பலவீனமான அணிக்கு இன்னும் ஒரு கோல் போதும். அதே நிமிடத்தில் 0-1 என்று நிற்கும் அணிக்கு இரண்டு கோல் வேண்டும், அதுவும் இப்போது முன்னிலையைக் காக்கப் பின்வாங்கி அமர்ந்துவிட்ட எதிரியிடம். பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்துக்கு சராசரியாக ஒரு கோல் அடிக்கவே திணறிய அணி அது. 38 ஆட்டங்களில் ஃபுல்ஹாமின் மொத்த கோல்கள் 38. அப்படிப்பட்ட அணிக்கு ஒரு கோலுக்கும் இரண்டு கோலுக்கும் உள்ள தூரம் ஏணிக்கும் மலைக்கும் உள்ள தூரம். முதல் கோலை வாங்காமல் இருப்பதுதான் அவர்களுடைய தாக்குதலின் முதல் பகுதி. இதைத் தற்காப்பு என்று பெயரிட்டு ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளி மைதானத்தில் 0-0 என்பது நேரம் ஆக ஆக நிறம் மாறும் ஓர் எண்ணிக்கை. உள்ளூர் ரசிகர்கள் தங்கள் அணி கோல் அடிக்க வேண்டும் என்று வந்தவர்கள். 70 நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் முணுமுணுப்பு தொடங்கும், ஆட்டக்காரர்கள் தங்கள் இடத்தை விட்டு நகர்ந்து ஏதாவது செய்துகாட்ட முயல்வார்கள், தேவையற்ற ஃபவுல்கள் வரும். பலவீனமான அணிக்கு வேண்டியது அந்த ஃபவுல்கள்தான். ஓடும் ஆட்டத்தில் பதினொரு பேரின் திறமையும் எடைபோடப்படும், அந்தத் தராசில் ஃபுல்ஹாம் தோற்கும். ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கில் ஒருவனுடைய காலும் இன்னொருவனுடைய தலையும் மட்டும் போதும், அந்தத் தராசில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். புல்லார்ட் கொடுங்காயத்தோடு ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்து அந்தக் குளிரில்தான் திரும்பியிருந்தார். ஹாட்ஜ்சனின் முதல் லீக் வெற்றி, பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக வந்தது, புல்லார்ட்டின் ஃப்ரீ கிக்கில்தான் கிடைத்தது.

76-ஆவது நிமிடம் புல்லார்ட் ஒரு ஃப்ரீ கிக்கைக் கோலின் முன்னுள்ள பெட்டிக்குள் அடித்தார். அதைத் தலையால் வலைக்குள் தள்ளியவர் மர்ஃபி. என் திரையில் “கோல்” என்ற சொல் வந்தபோது நான் நம்பவில்லை. மர்ஃபி என்று வந்தபோது, பர்மிங்ஹாமிலும் ஒரு மர்ஃபி ஆடிக்கொண்டிருந்ததால், ஏதோ குழப்பம் என்றே நினைத்தேன். டேனி மர்ஃபி பந்தைத் தரையில் உருட்டி ஆட்டத்தை நடத்துபவர். தலையால் கோல் அடிப்பதற்கு யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்கள். பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: பெட்டிக்குள் ஆறரை அடியை நெருங்கும் ஹாங்கெலாண்ட் நிற்கும்போதும், தலையாட்டத்துக்குப் பெயர்போன மெக்பிரைட் நிற்கும்போதும், காவலுக்கு நிற்பவர்களின் கண் மர்ஃபியைத் தேடாது. பெரிய ஆட்கள் பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், சின்ன ஆள் தனியாக நின்றார்.

அதற்குப் பிறகு வந்த 14 நிமிடங்களும் கூடுதல் நேரமும் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். முன்னிலை பெற்ற ஃபுல்ஹாம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கண்மூடித்தனமாக ஏறி கோல் அடித்த அணியாக இருந்திருந்தால், அந்த நிமிடத்தில் அவர்களுடைய பேக்குகள் மைதானத்தின் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கும். மூன்று ஃபார்வர்டுகளில் யாரை இறக்குவது, யார் நடுவில் நிற்பது என்று கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் குழப்பத்திலேயே எத்தனையோ அணிகள் அடித்த கோலைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. இவர்களோ 76 நிமிடம் எப்படி நின்றார்களோ அப்படியே, அதே இரண்டு கோடுகளில், அதே இடைவெளியில் நின்றார்கள். 0-0-வைக் காத்த அதே அமைப்பு 1-0-வைக் காத்தது. 36 புள்ளிகள், கழித்தல் 22, பதினேழாம் இடம்.

அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்க விரும்பவில்லை. போர்ட்ஸ்மத் அணிக்கு ஆறே நாளில், மே 17 அன்று, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் இருந்தது. கார்டிஃபை 1-0 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள். லீகில் அவர்களுக்கு அன்று வெல்லவோ இழக்கவோ பெரிதாக எதுவும் இல்லை. வாழ்நாளின் மிகப்பெரிய ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், சந்தேகமான ஒரு பந்துக்கு எவன் முழுக் காலையும் நீட்டுவான்? மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 மே 22 அன்று, விகன் அணி இதே நிலையில் ஸ்டோக்கின் மைதானத்துக்குப் போனது. ஸ்டோக் அதற்கு எட்டு நாள் முன்புதான் கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றிருந்தது. அங்கும் நீண்ட நேரம் 0-0, அங்கும் 78-ஆவது நிமிடத்தில் ஒரு தலையடி, ஹியூகோ ரோடல்லேகா, 1-0, விகன் தப்பித்தது. ஒன்று கோப்பைக்கு முந்தைய வாரம், மற்றது பிந்தைய வாரம். காத்திருக்கும் திட்டத்துக்கு இந்த வகை எதிரி மிகவும் பொருத்தமானவன், ஏனென்றால் ஆட்டம் சூடேறாதவரை அவனும் சூடேறுவதில்லை. முதல் நிமிடத்திலேயே மோதி, தள்ளி, அவனுடைய தன்மானத்தை எழுப்பிவிட்டால், தூங்கும் புலியை இடறியது போலத்தான்.

எல்லா நாளும் இந்த வழி திறந்திருக்காது என்பதற்கு ஃபுல்ஹாமின் அந்தப் பருவத்திலேயே சான்று உண்டு. ஏப்ரல் 26 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 21 நிமிடத்துக்குள் 0-2 என்று பின்தங்கினார்கள். அன்றைய மற்ற ஆட்டங்கள் போன போக்கில் ஒரு கட்டத்தில் அவர்கள் கணக்குப்படி இறங்கியே விட்டார்கள். பிறகு கடைசி 20 நிமிடத்தில் கமாரா இரண்டு, மர்ஃபி ஒன்று என்று அடித்து 3-2. அதைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்ல என்னால் முடியாது. திட்டம் உடைந்த பிறகும் கட்டமைப்பு உடையாமல் இருந்ததன் பலன் என்று வேண்டுமானால் சொல்வேன். 2007 மே 13 அன்று ஷெஃபீல்ட் யுனைடெட்டின் பிரமால் லேன் மைதானத்தில் விகன் தப்பித்ததோ முற்றிலும் எதிர்வழி. அன்று ஷெஃபீல்டுக்கு டிரா போதும், விகனுக்கு வெற்றி வேண்டும். விகன் தொடக்கத்திலேயே அடித்து முன்னேறியது, ஷெஃபீல்ட் சமன் செய்தது, இடைவேளைக்குச் சற்று முன்பு விகனுக்குக் கிடைத்த பெனால்டியை டேவிட் அன்ஸ்வொர்த் வலைக்குள் அடித்தார். அவர் நான்கு மாதம் முன்புவரை ஷெஃபீல்டின் ஆட்டக்காரர். கடைசிக் கால் மணி நேரம் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் விகன் நின்றது, ஷெஃபீல்ட் இறங்கியது. எதிரிக்கு டிரா போதும் என்றால் அவனுடைய நாளும் குழம்பியதுதான். ஏறுவதா இருப்பதா என்று அவனுக்கே தெரியாது. அவனை முதலில் அடிப்பது நல்ல வழி. பொருட்படுத்த எதுவும் இல்லாத எதிரியோடு அப்படியல்ல. ஹாட்ஜ்சனே 2022-இல் வாட்ஃபோர்ட் அணியை இதே இரண்டு கோடுகளோடு காப்பாற்ற வந்து, காப்பாற்ற முடியாமல் போனார். கோடு போடத் தெரிந்த நால்வர் இல்லாத இடத்தில் கோடு நிற்காது.

ரெடிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் குறை. அன்று அவர்கள் டார்பியை 4-0 என்று வென்றார்கள். வென்றே தீர வேண்டிய வெளி மைதான ஆட்டத்தில் இதைவிட என்ன செய்ய முடியும்? ஃபுல்ஹாம் அடித்த அதே 36 புள்ளிகள். ஆனால் கோல் வித்தியாசம் கழித்தல் 25. அந்த மூன்று கோல்களைத் தேடி நான் ஒரு முறை பின்னோக்கிப் போனேன். 2007 செப்டம்பர் 29 அன்று ரெடிங் ஓர் ஆட்டத்தில் 4-7 என்று தோற்றிருந்தது. பிரீமியர் லீகில் அதிக கோல்கள் விழுந்த ஆட்டம் என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். டிசம்பர் 29 அன்று டாட்டன்ஹாமிடம் 4-6. இரண்டிலும் நான்கு கோல் அடித்திருக்கிறார்கள், இரண்டிலும் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இரண்டு ஆட்டங்களையும் தோற்றுக்கொண்டே, ஆனால் 4-5 என்று தோற்றிருந்தால், கோல் வித்தியாசம் ஃபுல்ஹாமோடு சமமாகியிருக்கும், அடித்த கோல்கள் ரெடிங்குக்கு 41, ஃபுல்ஹாமுக்கு 38, ஃபுல்ஹாம் இறங்கியிருக்கும். பின்தங்கிவிட்ட பிறகும் ஏறிக்கொண்டே இருந்த சில நிமிடங்களில் போன கோல்கள் அவை. அந்த 4-7 நடந்த மைதானம் எது தெரியுமா? ஃபிராட்டன் பார்க். ஃபுல்ஹாம் 76 நிமிடம் காத்திருந்த அதே புல்தரை.

பிரவுசிங் சென்டரில் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. கல்லாவில் இருந்த பையன் சில்லறை எண்ணிக்கொண்டே, “பாஸா சார்?” என்று கேட்டான். பாஸ், ஆனால் ஜஸ்ட் பாஸ் என்றேன்.